கேள்வி கேட்காத கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்!

(வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ தேர்வு முடிவும் நீட் முடிவும் வந்துவிட்டால் போதும், நம் மஹல்லாக்களில் ஏஜென்டுகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். "பாய், உங்கள் பிள்ளை டாக்டர் ஆகிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ எல்லாம் சும்மா கண்துடைப்பு. நாங்கள் எழுதிக் கொடுப்பதை அப்படியே ஒப்பித்தால் போதும். அட்வான்ஸை மட்டும் இந்த வாரத்திற்குள் கட்டிவிடுங்கள்" என்பார்கள்.

கடை வைத்திருக்கும் வாப்பாவும் மகிழ்ந்து போவார். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். நேர்முகத் தேர்வு என்பது கண்துடைப்பா? இதற்கு நம் மார்க்கமும் வரலாறும் என்ன சொல்கின்றன?

யூசுஃப் நபியின் நேர்முகம்

எகிப்து மன்னர் யூசுஃப் (அலை) அவர்களை அழைத்துப் பேசிய பிறகு, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு யூசுஃப் நபி கேட்டதைத் திருக்குர்ஆன் 12:55 சொல்கிறது. அப்போது அவர்கள் தம் குலப் பெருமையைச் சொல்லவில்லை. அழகைச் சொல்லவில்லை. இரண்டே தகுதிகளைச் சொன்னார்கள். ஒன்று, பொறுப்பைப் பாதுகாக்கும் நாணயம். மற்றொன்று, அந்த வேலைக்குரிய அறிவு.

சகோதரர்களே! இன்று உலகின் எந்த மருத்துவக் கல்லூரி நேர்முகம் நடத்தினாலும் இந்த இரண்டையும்தான் தேடுகிறது. இவனிடம் அறிவு இருக்கிறதா? இவனை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாமா?

பாக்தாதில் நடந்த தேர்வு

கி.பி. 931ஆம் ஆண்டு. பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்துவிட்டார். செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவர் சினான் பின் தாபித்திடம் சோதிக்கப்பட்டு அனுமதி பெறாத எவரும் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவர் முன் வந்து நின்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு முதியவர் தமக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிப் பொற்காசுகளை நீட்டினார் என்றும், தெரியாத வைத்தியத்தைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் அவரை சினான் அனுப்பினார் என்றும் அதே வரலாறு கூறுகிறது.

ஆக, தகுதி இல்லாத இடத்தில் காசை நீட்டும் வழக்கம் அன்றும் இருந்தது. மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. காசு கொடுத்துக் கதவைத் திறந்துவிடலாம். அந்தப் பொறுப்பிலிருந்து காசு கொடுத்துத் தப்ப முடியாது.

என்ன கேட்பார்கள்?

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு, நேர்முகம் கிடையாது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இதில் பழக்கமே இல்லை. வெளிநாட்டில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்திற்கு நான்கு கல்லூரிகளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதன் பிறகு நேர்முகம். ஜார்ஜியா போன்ற நாடுகளில் வீடியோ மூலம் ஆங்கிலத்தில் பேசவைத்துப் பார்க்கிறார்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் பல கல்லூரிகளில் இன்று அதுதான் நடைமுறை. ஒரே அறையில் அரை மணி நேரம் பேசுவது அல்ல. வரிசையாகப் பல சிறு நேர்முகங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து நிமிடம். ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர். ஒருவரிடம் சறுக்கினாலும் அடுத்தவரிடம் எழுந்துகொள்ளலாம். ஒருவரிடம் நடித்துத் தப்பினாலும் அடுத்தவரிடம் சாயம் வெளுத்துவிடும்.

இளைஞனே! "ஏன் டாக்டர் ஆக விரும்புகிறாய்?" என்று கேட்பார்கள். "மக்களுக்குச் சேவை செய்ய" என்பாய். உடனே அடுத்த கேள்வி வரும்: "சேவைதான் நோக்கமென்றால் நர்ஸ் ஆகலாமே?" எழுதிக் கொடுத்த தாளில் இதற்குப் பதில் இருக்காது. சர்க்கரை நோயால் கால் புண்ணான வாப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறாயா? இரத்ததான முகாமில் நின்றிருக்கிறாயா? அங்கே டாக்டர் என்ன முடிவு எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கவனித்தாயா? அதைச் சொல். உன் வாழ்விலிருந்து வரும் பதிலை எவராலும் பறிக்க முடியாது.

இன்னொரு வகைக் கேள்வி. "உன்னோடு பயிற்சியில் இருக்கும் மருத்துவர் குடித்துவிட்டு வார்டுக்கு வருகிறார். என்ன செய்வாய்?" நம் பையன் "குடி ஹராம்" என்பான். அது உண்மைதான். ஆனால் கேள்வி குடியைப் பற்றியதல்ல, நோயாளியைப் பற்றியது. முதலில் அவரை நோயாளியின் அருகிலிருந்து விலக்க வேண்டும். பிறகு தனியே அழைத்து, அவருக்கு என்ன துன்பம் என்று விசாரிக்க வேண்டும். மூத்த மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். உயிரைக் காப்பது, பிறர் மானத்தைப் பேணுவது, உண்மையை மறைக்காமலிருப்பது ஆகிய மூன்றும் மதரஸாவில் நாம் படித்தவைதாமே! படித்ததை அங்கே எடுத்துவைக்கத் தெரிய வேண்டும்.

தெரியாததைக் கேட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்தது போல் பேசும் மாணவன்தான் நாளை தெரியாத மருந்தை எழுதும் டாக்டர் ஆகிறான்.

நம் பெண் பிள்ளைகளுக்கு

சகோதரிகளே! ஹிஜாபோடு நேர்முகத்திற்குச் செல்ல அஞ்ச வேண்டாம். "ஆண் நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பாயா?" என்ற கேள்வி வரலாம். உயிர் காக்கும் தேவை வரும்போது மார்க்கம் வழிவிட்டிருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே உடை இருக்கக் கூடாது என்ற தூய்மை விதி உண்டு. மார்க்கக் காரணத்துக்காக, ஒருமுறை அணிந்து எறியும் முன்கை உறைகளை அணிய இடம் தந்து 2010ல் அந்நாட்டு சுகாதாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. இதையெல்லாம் அறிந்து செல்லும் பெண் தடுமாற மாட்டாள்.

நீங்களும் கேளுங்கள்!

வியாபாரச் சகோதரர்களே! சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பீர்களா? பில் இல்லாமல் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பீர்களா? மகனின் ஆறு ஆண்டு வாழ்க்கையை மட்டும் ஒரு வண்ணத் தாளைப் பார்த்து ஒப்படைத்துவிடுவது என்ன நியாயம்?

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்க்கும் நல்ல கல்லூரிகள் உண்டு. பங்களாதேஷில் அப்படித்தான். ஆனால் மதிப்பெண்ணையும் பார்க்காமல், பேசியும் பார்க்காமல், பணத்தை மட்டும் பார்க்கும் இடம் உங்கள் பிள்ளையை மாணவனாகக் கருதவில்லை; வாடிக்கையாளனாகக் கருதுகிறது.

நம் நாட்டின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தகுதி பெற வேண்டும் என்ற விதி 2018லேயே வந்துவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும். 12 மாதப் பயிற்சியை அதே கல்லூரியில் முடிக்க வேண்டும். அந்நாட்டில் மருத்துவம் பார்க்க அந்நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் உரிமம் உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது.

திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு இருக்கிறது. 300க்கு 150 எடுக்க வேண்டும். 2023 ஜூனில் அதை எழுதியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே தேறினார்கள். மற்றவர்கள் எங்கே? பட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. கடன் தலைமேல் இருக்கிறது. அந்தக் கடன் வட்டிக் கடனாக இருந்தால் பாவமும் சேர்ந்தே இருக்கிறது.

ஆகவே கல்லூரி உங்களைக் கேட்கும் அதே நேரத்தில் நீங்களும் கேளுங்கள். பாடம் முழுவதும் ஆங்கிலத்திலா? வார்டில் நோயாளி பேசும் மொழியை எப்போது கற்றுத் தருவீர்கள்? கற்பதற்குரிய மருத்துவமனை எங்கே, எத்தனை படுக்கை? உரிமம் பற்றிய உறுதியை எழுத்தில் தருவீர்களா? அங்கே படித்து இங்கே தகுதித் தேர்வில் தேறிய நான்கு பேரிடம் பேச முடியுமா? 2022ல் உக்ரைனில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதிப் படிப்பில் திரும்பி வந்தார்கள். அப்படி ஏதும் நேர்ந்தால் உங்கள் ஏற்பாடு என்ன? கேட்டால் கோபப்படும் ஏஜென்டை அன்றே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வாரம் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு மதரஸா கூடத்தைத் திறந்துவிடுங்கள். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், உள்ளூர் டாக்டர் ஒருவர், அனுபவமுள்ள வியாபாரி ஒருவர் ஆகிய மூவரும் தனித்தனி மூலையில் உட்காரட்டும். மாணவர்கள் எட்டு நிமிடத்திற்கு ஒருவரிடமாக மாறி மாறிச் சென்று பதில் சொல்லட்டும். அந்த டாக்டர் மாற்று மதச் சகோதரராக இருந்தாலும் மரியாதையோடு அழையுங்கள், மனமுவந்து வருவார். பத்து வாரம் இப்படிப் பழகிய பிள்ளை எந்த நாட்டுத் தேர்வாளர் முன்னும் தலைநிமிர்ந்து உட்காருவான்.

சகோதரர்களே! நம் சமுதாயத்திற்கு டாக்டர் பட்டம் வைத்திருப்பவர்கள் தேவையில்லை. டாக்டர்கள் தேவை. யூசுஃப் நபி சொன்ன அந்த இரண்டு தகுதிகளும் உள்ளவர்கள் தேவை. அப்படிப்பட்டவர்களை நம் வீடுகளிலிருந்து உருவாக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.