மாதவிடாய் நிற்கும் வயதில் வாய் மூடி இருக்க வேண்டாம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் தோட்டத் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நமது கூட்டங்களில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். உங்கள் வீட்டு அம்மாவையும் மனைவியையும் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்போது எனக்கு 47 வயது. விடியற்காலைப் பனியில் மலையில் நிற்கிறோம். எல்லோரும் குளிரில் நடுங்குகிறார்கள். எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து முகத்துக்கு நெருப்பு ஏறுகிற மாதிரி ஒரு கொதிப்பு. வேர்த்துக் கொட்டியது. படங்கை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். "என்ன, வேலைக் கள்ளமா?" என்று ஒரு குரல். பதில் சொல்ல வெட்கம். அன்றைக்குக் கிலோ குறைந்து அரைப் பேர்தான் விழுந்தது. இரவில் நித்திரை இல்லை. சும்மா சும்மா பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். "பிள்ளை வேண்டாம் என்று ஆபரேஷன் செய்தாயே, அதனால்தான்" என்றார்கள் சிலர். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றார்கள் வேறு சிலர்.

இரண்டும் இல்லை என்று மருத்துவ மாதுதான் எனக்கு விளக்கினார். 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறது. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைவதுதான் காரணம். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே கொதிப்பு, இரவு வேர்வை, மூட்டு வலி, மனச்சோர்வு, படபடப்பு வரலாம். கருத்தடை ஆபரேஷனில் குழாயைத்தான் கட்டுகிறார்கள். சூலகத்தை எடுப்பதில்லை. ஆகவே அதன் மேல் பழி போட வேண்டாம். ஆபரேஷன் செய்யாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாதவிடாய் தவறித் தவறி வரும் காலத்திலும் கரு தங்கலாம். கருத்தடையை எப்போது விடுவது என்று மருத்துவ மாதுவிடம் கேட்டுவிட்டு விடுங்கள்.

இது நோய் இல்லை. ஆனால் நோய் இல்லை என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதும் இல்லை.

கொதிப்பு வருகிறவர்கள் ஒரே தடித்த சட்டையைப் போடாமல், கழற்றக்கூடிய மாதிரி இரண்டு மெல்லிய சட்டைகளைப் போடுங்கள். மலைக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேத்தண்ணியும் உறைப்பும் சிலருக்குக் கொதிப்பைக் கூட்டும். உங்களுக்கு எது கூட்டுகிறது என்று பார்த்துக் குறையுங்கள்.

தேயிலை பறிக்கும் நமக்கு இன்னொன்று. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாதவிடாய் நிற்கும் முன் சிலருக்கு இரத்தம் அதிகமாகப் போகும். இரத்தம் குறைந்தவர்களுக்கு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் பலமும் வேகமாகக் குறையும். சறுக்கி விழுந்தால் மணிக்கட்டும் இடுப்பும் முறியும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலி, குரக்கன், கீரை, தயிர், கிடைத்தால் பால், இவற்றைச் சேருங்கள். பிள்ளைகளுக்கும் அவருக்கும் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும். புகையிலை போட்ட வெற்றிலையையும் விடுங்கள். அது வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

மூட்டையைத் தூக்கும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிகிறதா? சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யுங்கள். சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்க் கடுப்பு வரும். கணவரோடு சேரும்போது வலி இருந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது. சொன்னால்தானே தருவார்கள்? ஹோர்மோன் மாத்திரையும் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது. வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.

இப்போது சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு அக்கா இதை எட்டு மாதம் மறைத்தார். யாரும் பார்க்காமல் இரவில் பீலிக்குப் போய்த் துணி அலசினார். "வயது போன காலத்தில் இதை யாரிடம் சொல்வது?" என்று நினைத்திருக்கிறார். கண்டுபிடித்தபோது கர்ப்பப்பையில் புற்றுநோய் பரவியிருந்தது. எட்டு மாதம் அவர் பக்கத்து நிரையில்தான் நான் கொழுந்து எடுத்தேன். நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இன்றைக்குப் பேசுகிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 1996 முதல் சுவநாரி கிளினிக் நடத்தி வருகின்றன. காசு இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போக வேண்டும். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அங்கே எல்லாம் சரி என்று சொன்னாலும், பிறகு இரத்தம் பட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் இப்போது கிளினிக் நாளைப் பிரட்டுக் களத்திலேயே சொல்கிறோம். தனியாகப் போக வெட்கப்படுவதால் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போகிறோம். ஒவ்வொரு தோட்டத் தலைவியும் இதைச் செய்யலாம்.

சங்கத்திடம் நான் கேட்பது மூன்று. மலையில் மலசலகூடமும் தண்ணீரும் வேண்டும். கிளினிக் போகும் நாளில் பேர் வெட்டக் கூடாது. சுகமில்லை என்று உட்காரும் பெண்ணை ஏசாமல் விசாரிக்க மேற்பார்வை செய்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 50 வயதில் பெண்கள் சேமலாப நிதியை எடுக்கலாம். "உடம்பு முடியவில்லை" என்று அந்த வயதோடு பேரை வெட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த எத்தனை பேரை நமக்குத் தெரியும்? வேலையை விடுவது அவரவர் விருப்பம். ஆனால் மருந்தால் தீரக்கூடிய ஒன்றுக்காக யாரும் சம்பளத்தை இழக்க வேண்டாம்.

தோழர்களே, உங்கள் மனைவி இரவில் எழுந்து உட்கார்ந்தால் "என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். தண்ணீர் எடுப்பதிலும் விறகு சுமப்பதிலும் ஒரு கை கொடுங்கள்.

சகோதரிகளே, நாளைக்கு மலைக்குப் போனதும் பக்கத்து நிரையில் நிற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.