கோச்சி வந்த பாதை



உடுவிலில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே இணுவில் புகையிரத நிலையம், வடக்கே சுன்னாகம். வீட்டுச் சுவரில் மணிக்கூடு ஒன்று இருந்தது. ஆயினும் அதைப் பார்த்து எவரும் நேரம் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. கோச்சிச் சத்தமே எங்களுக்கு நேரம்.

ஐயா கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். வெள்ளிக்கிழமை இரவு தபால் வண்டியில் ஏறினால் சனி காலை சுன்னாகத்தில் இறங்குவார். ஞாயிறு மாலை மீண்டும் புறப்பட்டுவிடுவார். சனி விடியற்புறம் அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருப்பா. "கோச்சி இணுவில் கழிஞ்சிட்டுது, கேத்திலை வை பிள்ளை" என்பா. தண்ணீர் கொதிக்கவும் ஐயா படலையைத் திறக்கவும் சரியாக இருக்கும். இப்படித் தகப்பனை வார இறுதியில் மட்டும் கண்ட பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்!

இந்தப் பாதைக்கு ஒரு விசேடம் உண்டு. கொழும்போடு இணைவதற்கு முன்னரே இங்கே புகைவண்டி ஓடிற்று. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே சேவை தொடங்கியது. 1905 இல்தான் வடபகுதிப் பாதை முழுமை பெற்றது. ஆகவே அது முதலில் எங்கள் குடாநாட்டின் உள்ளூர் வண்டி. பின்னரே கொழும்பு வண்டி. 1956 இல் யாழ்தேவி வந்தபோது காலையில் கொழும்பில் ஏறியவர் பிற்பகலில் ஊரில் நிற்க முடிந்தது.

பேரும் புகழும் யாழ்தேவிக்கு. ஆனால் ஊரைச் சுமந்தவை சிறிய நிலையங்கள்தான். காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று நின்று நின்று போகும் வண்டியில் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் மாணவரும், கச்சேரி உத்தியோகத்தரும், எதிர்த்திசையில் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போவோரும் பயணம் செய்தனர். தோட்டக்காரரின் மரக்கறியும், தென்னிலங்கைக் கடைகளுக்கான சுருட்டும் இந்தப் பாதையால்தான் போயின. சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு இடையே சாதி, ஊர், உத்தியோகம் என்ற வேற்றுமைகள் அற்றுப்போயின என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே வாங்கில் இருந்துதான் ஆகவேண்டியிருந்தது. அதுவும் ஒரு படிப்பே.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எங்கள் பங்கருக்கும் இரண்டு கட்டைகள் வந்தன. குண்டு விழும் இரவுகளில் அதன் கீழ் குந்தியிருந்து, தலைக்கு மேலே எண்ணெய் மணம் மாறாத அந்த மரத்தைப் பார்ப்பேன். ஐயாவைக் கொண்டுவந்த பாதை எங்களை மூடிக் காத்தது. பொதுச் சொத்தை எடுத்தது சரியா என்று அன்று எவரும் கேட்கவில்லை. இன்று கேட்டாலும் என்னிடம் நேரான மறுமொழி இல்லை.

வெறுமையான பாதையோரம் இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடிசை போட்டார்கள். அங்கே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தனர். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தபோது நாங்கள் பூரித்தோம். அதற்கு முன்னரே அந்தக் குடிசைக்காரர் எழும்ப வேண்டியிருந்தது. நாங்கள் கைகாட்டி வரவேற்ற வண்டிக்காக இன்னொருமுறை இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். அதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

இருபத்துநான்கரை வருடத்தில் ஒரு தலைமுறைக்குக் கோச்சிப் பழக்கமே விட்டுப்போயிற்று. காவலில்லாத கடவைகளில் உயிர்கள் போயின. நாங்கள் சிறுவயதில் தண்டவாளத்தைக் கண்டால் தானாகவே நிற்போம். காது அந்தத் திசைக்குப் போகும். அதை எவரும் படிப்பித்ததாக நினைவில்லை. இப்போது படிப்பிக்கத்தான் வேண்டும்.

பாதை திறந்த நாட்களில் ஒருநாள், படுக்கையிலிருந்த அம்மா ஊதல் சத்தம் கேட்டு என்னைப் பார்த்தா. ஐயா போய்ப் பல வருடங்கள். "இணுவில் கழிஞ்சிட்டுது" என்றா. அவ்வளவுதான். நான் எழுந்துபோய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன்.