வாக்கும் பணமும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இலங்கைப் பெண்களுக்கு 1931இல் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எமது தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கும் பறிபோனது. எஞ்சியோருக்கும் வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது.

இவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற வாக்கு, தேர்தல் வந்தால் ஒரு சேலைக்கும் உலருணவுப் பொதிக்கும் விலைபேசப்படுகிறது. இதை எமது கேகாலை மாவட்டத் தோட்டங்களிலும் கண்டிருக்கிறோம்.

தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த 2023இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என வரம்பு வைத்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாய்! ரப்பர் பால் வெட்டும் தாயின் மகள் இதற்கு எங்கே போவாள்? ஆகவே வரம்பு இன்னும் குறைய வேண்டும். ஆயினும், யார் கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று 21 நாட்களுக்குள் கணக்குக் காட்டவேண்டும் என்ற விதி பெரிய முன்னேற்றமே. கணக்கைக் கேட்க ஆளிருந்தால்தான் அந்த விதிக்கு உயிர்.

பணமே எல்லாம் என்றும் சோரவேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் தோட்டக் குடும்பத்தில் பிறந்த அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கப்பட்டுள்ளது.

சகோதரிகளே, நாம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் ஊரிலுள்ள உறவுகளிடம் சொல்வோம்: பொதியை மறுப்போம், கணக்கைக் கேட்போம். பிரதேச சபைக்குப் போட்டியிட முன்வரும் எமது தங்கைமாருக்குத் தோள் கொடுப்போம்.