காற்றை எடை போடுகிறவர்கள்



போன வாரம் நம் மையத்தில் ஓர் அக்கா சிலேட்டில் ‘விண்ட் டனல் ரோடு’ என்று எழுதிக் காட்டினார். பெங்களூரில் முருகேஷ்பாளையா பக்கம் இருக்கிற ரோடு அது. அந்தப் பக்கம்தான் அவர் வீட்டு வேலைக்குப் போகிறார். “பல வருஷமா வாயால சொன்ன பேரு. இன்னைக்குத்தான் எழுதினேன். அர்த்தம் என்ன தம்பி?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நான் ஹைஸ்கூல் வரை படித்தவன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இன்று சொல்கிறேன்.

விண்ட் என்றால் காற்று. டனல் என்றால் குகைப்பாதை. மலைக்குள் ரயில் போகிறதே, அதுபோல. இங்கே போவது காற்று.

காற்று தள்ளும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். காற்று தூக்கவும் செய்யும். ஒரு நீளமான காகிதத் துண்டை எடுங்கள். ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடியுங்கள். மறுமுனை வளைந்து தொங்கும். இப்போது காகிதத்தின் மேல்பக்கம் ஊதுங்கள். காகிதம் எழும்புகிறது, பார்த்தீர்களா? வளைவை ஒட்டி ஓடும் காற்றின் அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் காற்று காகிதத்தை மேலே தள்ளுகிறது. விமான இறக்கையின் மேலும் இப்படித்தான் அழுத்தம் குறைகிறது.

எவ்வளவு தூக்கும்? அதை அளப்பதுதான் இந்த நிபுணர்களின் வேலை.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். இருவருமே ஹைஸ்கூல் சான்றிதழ் வாங்காதவர்கள். புத்தகத்தில் இருந்த கணக்கைப் பார்த்து இறக்கை செய்தார்கள். அது எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. 1901-இல் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறி வைத்தார்கள். உள்ளே ஒரு தராசு. சைக்கிள் ஸ்போக் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் செய்த தராசு! சுமார் 200 விதமான சின்ன இறக்கைகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். அளவுகளை எழுதி வைத்தார்கள். 1903 டிசம்பர் 17-இல் அவர்களுடைய விமானம் பறந்தது. முதல் தடவை 12 வினாடிதான்.

நம் ஊர்க் காற்றுக்குகை என்.ஏ.எல். என்னும் அரசு ஆய்வுக்கூடத்துடையது. 1967-இல் தொடங்கியது. மாதிரி வைக்கிற இடம் சுமார் நான்கடி அகலம். பெரிய தொட்டிகளில் காற்றை அமுக்கி அடைக்கிறார்கள், சைக்கிள் டியூபில் அடைப்பதுபோல. திறந்துவிட்டால் ஒலியைப்போல் நான்கு மடங்கு வேகம் வரை பாயும். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதற்குள் அளந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்காகக் கடைசல் வேலைக்காரர்கள் மயிரிழை பிசகாமல் மாதிரியைச் செய்து கொடுக்க வேண்டும். விஞ்ஞானி மட்டும் போதாது. நம் ராக்கெட்டுகளின் மாதிரிகளும் தேஜஸ் போர் விமானத்தின் மாதிரியும் இங்கே சோதிக்கப்பட்டன. தப்பு இங்கே தெரிந்தால் ஓர் இரும்பு மாதிரி வீணாகும். வானத்தில் தெரிந்தால் விமானியின் உயிர் போகும்.

இந்தத் துறையில் பெரியவர் சதீஷ் தவான். 1950-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியைவிட வேகமான காற்றுக்குகையை அமைத்தவர். இந்திய விண்வெளித் துறைக்கே தலைவராக இருந்தவர். அவர் 1991-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எதைப் பற்றி? பறவைகள் பறப்பதைப் பற்றி! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சென்னை தரமணியில் கட்டடங்களைச் சோதிக்கவும் ஒரு காற்றுக்குகை உண்டு. கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று அதிகமாக மேலே இழுக்கும் என்பது இப்படிப்பட்ட சோதனைகளில் தெரிந்தது. அதனால் தகர ஷீட்டுக்கு ஓரங்களில் கொக்கி போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும். அடியில் உள்ள சட்டத்தையும் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே கல் வைத்தால் போதாது. ஷீட் எழும்பினால் கல் யார் தலையில் விழும்?

கேள்வி கேட்ட அக்கா வீட்டிலும் கல்தான் வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு அங்கே போகிறேன். கொக்கி போல்ட் மாட்டத் தெரிந்த அண்ணன் யாராவது கூட வருகிறீர்களா?