சட்டைப்பையில் ஓர் ஒற்றன்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



அடுத்த வாரம் நீங்கள் குடிதண்ணீர்க் குறைக்காக ஊர்வலம் போகப் போவதாகவும், அதற்கு முன் செல்போனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்றும் என்னைக் கேட்டுக் கொண்டீர்கள். நான் இஞ்சினியர் அல்ல; எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனுமல்ல. படித்துப் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், சொந்தத்தில் ஒரு பெருந்தவறு செய்தும் அறிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ளாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

பழைய ஒற்றனும் புது ஒற்றனும்

வெள்ளைக்காரன் காலத்தில் பொதுக்கூட்டம் என்றால், மேடைக்குப் பக்கத்தில் போலீஸ் சுருக்கெழுத்துக்காரர் உட்கார்ந்து பேச்சை எழுதிக் கொள்வார். அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பேசுகிறவன் பேச்சை எழுதுவாரே ஒழிய, கடைசி வரிசையில் நின்றவன் எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வந்தான், யாருடன் திரும்பினான் என்பதையெல்லாம் எழுத அவருக்குக் கை பத்தாது. இன்றோ அந்த வேலையை நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் செய்து விடுகிறது. அதற்குச் சம்பளத்தையும் ரீசார்ஜ் என்ற பேரால் நாமே கொடுத்து வருகிறோம்!

இது எப்படி நடக்கிறது? நீங்கள் யாரையும் கூப்பிடாவிட்டாலும், செல்போன் உயிரோடிருக்கும் வரை பக்கத்து டவரோடு அது பேசிக் கொண்டேயிருக்கும். இன்ன நம்பர் இன்ன நேரத்தில் இன்ன டவருக்கடியில் இருந்தது என்பது கம்பெனிக் கணக்கில் ஏறிவிடும். 2014 ஜனவரியில் உக்ரைன் தேசத்துத் தலைநகரான கீவில் போலீசாருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் மோதல் நடந்தபோது, அந்தப் பக்கம் இருந்தவர்களின் செல்போன்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கலகக் கூட்டத்தில் கலந்து கொண்டவராக நீர் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர் என்பது அதன் கருத்து. டெலிபோன் கம்பெனிகள் தாங்கள் அனுப்பவில்லை என்று கைவிரித்தன. எவர் அனுப்பினாலென்ன? மோதியவன், வேடிக்கை பார்த்தவன், வேலைக்குப் போனவன் எல்லோரும் ஒரே ஜாபிதாவில் விழுந்தார்கள் அல்லவா?

இனி முகத்தின் சங்கதி. 2020 மார்ச்சில் டில்லிக் கலவரத்தைப் பற்றிப் பார்லிமெண்டில் பேசிய உள்துறை மந்திரி, ஓட்டர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் படங்களை வைத்து, முகம் அறியும் கருவியால் 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டதாகச் சொன்னார். கலகம் செய்தவனைப் பிடிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் கலகக்காரன் யார், மனுக் கொடுக்க வந்தவன் யார் என்பது அந்தக் கருவிக்குத் தெரியுமா? நூற்றுக்கு எண்பது பொருந்தினாலே பொருந்தியதாகக் கொள்வதாக டில்லிப் போலீசாரே 2022-ல் தகவல் உரிமைச் சட்டப்படி பதில் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருபதுக்கு ஜெயிலில் உட்காரப் போகிறவன் எவன் என்று கேட்கிறேன்.

யோக்கியனுக்கு என்ன பயம்?

"தப்புச் செய்யாதவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? நெஞ்சை நிமிர்த்திப் போக வேண்டியதுதானே!" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் வெகு நாள் இப்படியே வீரம் பேசினவன்தான். ஆனால் ஓட்டுச் சாவடியில் மறைப்புத் தட்டி எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஓட்டுப் போடுவது குற்றம் என்றா? பண்ணையாருக்குப் பயந்தவனும், கடன்காரனுக்குப் பயந்தவனும், புருஷனுக்குப் பயந்த பெண்ணும் தன் மனதுப்படி ஓட்டுப் போட வேண்டும் என்றல்லவா? அந்தத் தட்டி பலமுள்ளவனுக்காக ஏற்பட்டதல்ல; பலமில்லாதவனுக்காக ஏற்பட்டது. கூட்டத்தில் நிற்பவனுக்கும் அதே நியாயந்தான். ஆயுதமின்றி அமைதியாய்க் கூடும் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அந்தரங்கமும் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது ஜட்ஜுகளும் ஒரு மனதாய்த் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் செய்த தவறு

மூன்று வருஷத்துக்கு முன், ஊருக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வேண்டாமென்று நாங்கள் முப்பது பேர் ஆபீசு வாசலில் நின்றோம். கூட்டம் நல்ல கூட்டம் என்ற பெருமையில் நான் படம் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி போட்டேன்; பேர்களையும் வரிசையாய் எழுதினேன். நாலாம் நாள் அந்தப் படத்தைக் காட்டி, ஒரு தனியார் வேலையிலிருந்த இருபத்திரண்டு வயதுப் பையனை நிறுத்தி விட்டார்கள். வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அண்ணே, நீங்க நல்ல எண்ணத்துலதான் போட்டீங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றான். தோழர்களே! அவனைக் காட்டிக் கொடுத்தது போலீசுமல்ல, டவருமல்ல, நான். என் பேரை நான் கொடுக்கலாம், என் தைரியம் என் சொத்து. பக்கத்தில் நிற்கிறவன் பேரைக் கொடுக்க நான் யார்?

தாயத்து வேண்டாம்

இருப்பிடம் காட்டும் பொத்தானை அணைத்து விட்டால் போதுமென்று சிலர் நம்புகிறார்கள். அது தாயத்துக் கட்டிக் கொள்வதைப் போன்றதுதான். பொத்தான் அணைந்தாலும் டவர்க் கணக்கு நிற்காது. விமான நிலையில் போட வேண்டும். அல்லது அடியோடு அணைக்க வேண்டும். எல்லாவற்றிலும் நல்லது வீட்டில் வைத்து விட்டு வருவது. 2019 ஜூனில் ஹாங்காங் கிளர்ச்சிக்காரர்கள், ஆக்டோபஸ் அட்டையில் போக்குவரத்து பதிவாகிவிடுமென்று, ரயில் நிலையத்தில் வரிசையில் நின்று, காசு கொடுத்து ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கினார்கள். செல்போனை மட்டும் அணைத்துவிட்டு டீக்கடையில் ஜீபே செய்தால் என்ன பிரயோஜனம் என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளுங்கள்.

விரலும் முகமும் காட்டித் திறக்கும் வசதியை அன்றைக்கு எடுத்து விடுங்கள். விரல் ரேகை கொடுப்பது தனக்கெதிராய்த் தானே சாட்சி சொல்வதாகாது என்று சுப்ரீம் கோர்ட் 1961-லேயே சொல்லியிருக்கிறது. விரலைப் பிடித்து அழுத்தலாம். மூளைக்குள் இருக்கும் எண்ணைப் பிடித்து அழுத்த முடியாது. ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண் வையுங்கள். பிறந்த தேதியை வைக்காதீர்கள்.

டெலிகிராமில் குழுப் பேச்சு அந்தக் கம்பெனியே படிக்கக் கூடிய நிலையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போகிற வழியில் படிக்க முடியாதுதான். ஆனால் இருநூறு பேர் குழுவில் ஒருவன் செல்போன் பிடிபட்டால் இருநூறு நம்பரும் பிடிபட்டன. சிக்னல் என்பது மேல். 2016-ல் அமெரிக்காவில் கோர்ட் மூலம் விவரம் கேட்டபோது, கணக்கு ஆரம்பித்த நாளும் கடைசியாய்ச் சேர்ந்த நாளும் தவிர, கொடுப்பதற்கு அவர்களிடம் வேறொன்றுமில்லை. சேர்த்து வைக்காததை எவனும் பிடுங்க முடியாது! ஆதலால், தானே அழியும்படி செய்தியை அனுப்புங்கள். வந்தவர் ஜாபிதா எழுதும் பழக்கத்தையும் விட்டு விடுங்கள்.

அப்படியானால் செல்போனே ஆகாதா என்று கேட்பீர்கள். அதுவும் தப்பு. 2020 மே 25-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் பிளாய்டு என்பவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதைப் பதினேழு வயதுப் பெண் தன் செல்போனில் பிடித்ததால்தான் உலகம் அறிந்தது. ஆகவே உங்களில் இரண்டு மூன்று பேர், வரக்கூடியதைத் தெரிந்து கொண்டு, தாங்களாகவே ஒப்பி, செல்போன் கொண்டு வரட்டும். அக்கிரமம் நடந்தால் அதைப் படம் பிடிக்கட்டும். வெளியிடும் முன் மற்றவர்கள் முகத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மட்டும் அனுப்பட்டும். அசல் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கக் கூடும். மற்றவர்கள் வக்கீல் நம்பரையும் வீட்டு நம்பரையும் கையில் பேனாவால் எழுதிக் கொள்ளுங்கள்.

பயந்து வீட்டில் இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லோரும் வாருங்கள். ஆனால் ஊர்வலம் முடிந்து வீடு திரும்பும்போது, யாருடைய பேரையும் அவரைக் கேட்காமல் விட்டு விட்டு வராதீர்கள். அந்தப் பையனும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை அவனைக் கேட்காமல் நான் கேமராவைத் தூக்கப் போவதில்லை.