அலைமேல் திரும்பும் பாய்ப்பலகை

தரையில் ஓடும் வண்டியைத் திருப்புவதற்குச் சக்கரங்கள் உண்டு. கடலில் ஓடும் கப்பலைத் திருப்புவதற்குச் சுக்கான் உண்டு. இவ்விரண்டும் இல்லாத ஓர் ஊர்தி, காற்றையே துணையாகக் கொண்டு, ஆளுயரத்துக்கு மேலெழும் அலையின் முன்னே விரைந்து இறங்குகின்றது. அவ்வலை உடைந்து விழுவதற்குள் வளைந்து திரும்பி, மீண்டும் அதன் முகட்டில் ஏறுகின்றது. அது திரும்புவது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

அவ்வூர்தியைப் பாய்ப்பலகை எனலாம். ஆங்கிலத்தில் விண்ட்சேர்பிங் என வழங்கும் விளையாட்டுக்கு உரியது அது. மிதக்கும் பலகை ஒன்று. அதன்மேல் எத்திசையிலும் சாயவல்ல மூட்டொன்றில் நிற்கும் பாய்மரம். பாயை இருபுறமும் அணைத்து நிற்கும் வளைகோல். அக்கோலைப் பற்றியபடி பலகைமேல் நிற்கும் ஓட்டி. இவ்வளவே அதன் உறுப்புக்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் பாய் தாங்கிய பலகையொன்றை அமைத்து, அதன் விவரத்தை 1965இல் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஜிம் டிரேக், ஹொயில் சுவைற்சர் ஆகிய இருவரும், சாயும் மூட்டோடு கூடிய தமது அமைப்புக்கு 1968இல் காப்புரிமை கோரி 1970இல் அதனைப் பெற்றனர். அவர்களுடைய பலகை ஏறத்தாழ 12 அடி நீளமானது. அதனைத் திருப்பியது பாயே. பாய்மரத்தை முன்னே சாய்த்தால் காற்றின் விசை பலகையின் முற்பகுதியிற் கூடும். அணியம் காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். அமைதியான குடாவில் இம்முறை போதும். ஆனால் இவ்வாறு திருப்புவதற்குப் பல விநாடிகள் வேண்டும். உடையும் அலை அத்தனை விநாடிகளைக் கொடுப்பதில்லை.

இக்குறையை நீக்கும் வழி ஹவாய்த் தீவுகளிற் பிறந்தது. நீண்ட பலகை அலைமேல் துள்ளியபோது, அதன்மேல் நின்றவரின் கால்கள் பலகையை விட்டு நீங்கின. 1970களின் பிற்பகுதியில், ஓவாகு தீவின் கைலுவாக் கரையில் லாரி ஸ்டான்லி, மைக் ஹோர்கன் முதலியோர் பலகையிற் பாதவார்களைப் பொருத்தினர். 1976இல் தமது 13ஆவது வயதிலேயே உலகப் பட்டம் பெற்ற றொபி நெயிஷ் வளர்ந்ததும் அக்கரையிலேதான். துள்ளும்போது விழாதிருத்தற்கென வந்த வார், காலையும் பலகையையும் ஓருடலாக்கிற்று. அதன்பின் பலகையைத் திருப்பும் தொழில் பாயை விட்டுப் பாதத்துக்கு வந்தது. பாதம் ஆளவேண்டிய பலகை குறுகவேண்டியதாயிற்று. இன்றைய அலைப்பலகையின் நீளம் ஏறத்தாழ 7½ அடியே.

குறுகிய பலகைக்கு ஒரு விலை உண்டு. 80 லீற்றர் கனவளவுள்ள அலைப்பலகை முழுதும் நீரில் அமிழும்போது ஏறத்தாழ 80 கிலோகிராம் நிறையைத் தாங்கும். பலகை, பாய், பாய்மரம் ஆகியவற்றின் நிறையைக் கழித்தால், ஓட்டிக்கென எஞ்சுவது 65 கிலோகிராம் அளவே. அதற்கு மேற்பட்ட நிறையுடையவர் அதன்மேல் அசையாது நின்றால் பலகையோடு தாமும் தாழ்வார். அவரை மேலே நிறுத்துவது வேகம். வேகம் போயிற்றேல் காலின் கீழிருந்த நிலமே போயிற்று என்க.

பலகை சாய்ந்தவுடன் ஏன் திரும்புகின்றது? நேரான சட்டமொன்றைச் சரித்து நீரில் இழுத்தால் அது நேர்கோட்டையே கீறும். காய்ந்த தென்னம்பாளையைச் சரித்து இழுத்தால் அது தன் வளைவின் வழியே ஓட முயலும். அலைப்பலகையும் இத்தன்மையதே. அதன் பக்க விளிம்பும் வளைந்தது. முன்னிருந்து பின்வரை அதன் அடிப்புறமும் வளைந்தது. உடையும் அலையைக் கடத்தற்பொருட்டுக் கட்டுமரத்தின் முனையை மேல்நோக்கி அமைத்த மீனவர் இவ்வளைவின் ஒரு பயனை நன்கு அறிந்திருந்தனர். அலைப்பலகையில் அது மூழ்காமைக்கு மாத்திரமன்றித் திரும்புதற்கும் உதவுகின்றது.

ஆயின் வளைவைக் கூட்டிக்கொண்டே போதல் நன்றோ? அன்று. அடிப்புறம் தட்டையாயின் பலகை நீர்மேல் விரைந்து வழுக்கும். ஆனால் திரும்ப மறுக்கும். அடிப்புறம் மிக வளைந்தால் எளிதில் திரும்பும். ஆனால் நீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகச் செல்லும். நேரோட்டப் போட்டிக்கு உரிய பலகை வேறு, அலைக்கு உரிய பலகை வேறு ஆனமைக்குக் காரணம் இதுவே. அலைப்பலகை செய்வோர் நேர்வேகத்திற் சிறிதை மனமறிந்து கைவிட்டே திரும்பும் ஆற்றலைப் பெறுகின்றனர்.

பாதவாரின் இடத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். போட்டிப் பலகையில் நான்கு வார்கள் விளிம்பை ஒட்டி அமையும். அலைப்பலகையிற் பெரும்பாலும் மூன்றே. பின்வார் ஒன்று நடுவில் நிற்கும். நடுவில் நிற்கும் பாதமே இருபுற விளிம்பையும் மாறிமாறி அழுத்த வல்லது.

அடியிற் பின்புறத்தே மீனின் செட்டை போன்ற தகடு பொருத்தப்படும். அது பலகை பக்கவாட்டிற் சறுக்காது காக்கும். முன்னர் நடுவில் ஒரு செட்டையே பெருவழக்காய் இருந்தது. பலகை மிகச் சாயும்போது அவ்வொரு செட்டை நீரின் பிடியை இழக்கக்கூடும். அவுஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன், பாயில்லாத அலைச்சறுக்குப் பலகையில் மூன்று செட்டைகளை அமைத்து, 1981இல் பெல்ஸ் கரையில் நடந்த போட்டியில் வென்று அவற்றின் பயனைக் காட்டினார். பின்னாளிற் பாய்ப்பலகை செய்வோரும் பல செட்டை முறையைப் பெரிதும் மேற்கொண்டனர். விளிம்பருகே நிற்கும் சிறு செட்டை, பலகை சாயுந்தோறும் நீரில் ஆழ்ந்து பற்றிக்கொள்கின்றது.

இனி, ஓட்டியின் பங்கைக் காண்போம். மௌயித் தீவின் வடகரையிலுள்ள ஹூக்கிப்பா, 1980களிலிருந்து இவ்விளையாட்டின் தலையாய இடங்களுள் ஒன்று. அங்கே காற்று கரையோரமாகச் சாய்ந்து வீசும். காற்றுப்போக்கிற் கரும்பாறைகள் காத்திருக்கும். திரும்பத் தவறியவரை அலை உருட்டிச் செல்லும். பாய்மரம் முறியும், பாய் கிழியும், சிலவேளைகளில் பாறையே அவருக்குக் கரையாகும்.

அத்தகைய அலையில் ஓட்டி முதலிற் கீழ்நோக்கி இறங்குகின்றார். அடிவாரத்தை அடைந்ததும் காற்றுப்போகும் திசைக்குத் திரும்பவேண்டும். இதுவே அடித்திருப்பம். இடுப்புக் கொக்கியை அவர் முன்னரே விடுவித்திருப்பார். பின்கை வளைகோலிற் பின்னே நகரும், முன்கை நீளும், முழங்கால்கள் நன்கு மடியும். விரல்களால் உள்விளிம்பை அழுத்திப் பாயைத் திருப்பத்தின் உட்புறமாகச் சாய்ப்பார். மூலையிற் சைக்கிளைத் திருப்புபவர் உட்புறம் சாய்வதை ஒத்தது இது. கண்கள் காலை நோக்கா. அடுத்துச் சேரவேண்டிய முகட்டையே நோக்கும்.

பயில்வோர் பெரும்பாலும் பிழை செய்வது இங்கேதான். வேகத்தைக் கண்டு அஞ்சியவர் உடலைப் பின்னே இழுக்கின்றார், முழங்காலை நிமிர்த்துகின்றார். உடனே பலகையின் முற்பகுதி நீரை விட்டு எழுகின்றது. வளைந்த விளிம்பில் முன்பாதி நீரில் இல்லையாயின், மிஞ்சிய சிறு பகுதி எவ்வளவைத்தான் கீறும்? பலகை துள்ளுகின்றது, வேகம் குன்றுகின்றது, தாழ்கின்றது. அச்சம் காட்டிய வழி பாதுகாப்பின் வழிபோலத் தோன்றினும், அவரை உடையும் அலையின் கீழ் நிறுத்துவது அதுவே. முன்னே சாய்ந்து வேகத்தை நம்பியவரையே பலகை அவ்விடத்தினின்று கொண்டு செல்லும்.

அடித்திருப்பம் நன்கு அமைந்தால் பலகை அலையின் முகத்தில் தானே ஏறும். முகட்டருகே பாரம் விரல்களிலிருந்து குதிக்கு மாறும், பின்பாதம் அழுத்தும், பாய் நிமிர்ந்து சற்றே தளரும். பலகை எதிர்ப்புறம் வளைந்து மீண்டும் கீழே இறங்கும். முந்தினால் அலையின் வலு கிட்டாது. பிந்தினால் முகடு அவரைத் தூக்கியெறியும்.

பலகை செய்பவர் பட்டறையில் அமைக்கும் வளைவு திரும்பும் முறையின் முதற்பாதி. ஓட்டியின் முழங்காலும் பாதமும் கண்ணும் மறுபாதி. சிறந்த பலகையும் நிமிர்ந்து நிற்பவருக்கு உதவாது. சிறந்த ஓட்டியும் தட்டையான பலகையைச் சிற்றிடத்தில் வளைக்கமாட்டார். ஆதலாற் புதிதாய்ப் பயில்பவர் தம் நிறையைத் தாராளமாகத் தாங்கும் பலகையில், அலையில்லாத நீரில் முழங்கால் மடித்து விளிம்பை அழுத்தும் பழக்கத்தை முதலிற் பெறுதல் நன்று. அஞ்சும் வேளையிலும் முன்னே சாயும் பழக்கம் உடலில் ஊறிய பின்னரே, குறுகிய பலகையோடு உடையும் அலையை அணுகுதல் தகும்.