தச்சர் வீட்டில் ஒரு வாடகை அறை

ஜெர்மனி என்றதும் பெர்லினின் பிராண்டன்பர்க் வாசல், கொலோன் தேவாலயம், பவேரியாவில் மலைமேல் நிற்கும் அந்த வெள்ளை அரண்மனை எல்லாம் உங்கள் கண்முன் வரும். அவற்றைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்று உங்களைக் கூட்டிக்கொண்டு போவது டூபிங்கனுக்கு. ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊரில் இருப்பது சுமார் 90,000 பேர். அதில் ஏறத்தாழ 28,000 பேர் மாணவர்கள். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர் என்பதால், மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள் இன்றும் சந்து சந்தாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஜூலைக் கடைசியில் பாடங்கள் முடிந்து உள்ளூர் மாணவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அறைகள் காலியாகும். அப்போது வந்து இறங்குவார்கள் கோடைக்கால மொழி வகுப்புக்கு வருகிறவர்கள். எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். ஜப்பானிலிருந்து ஒருத்தி, பிரேசிலிலிருந்து ஒருவன், எகிப்திலிருந்து இரண்டு பேர், நம் பக்கத்திலிருந்து என்னைப் போல ஒருவர். சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் மாலை வகுப்பில் படித்த ஜெர்மனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். முதல் நாளே ஒரு தேர்வு வைப்பார்கள். எவ்வளவு தெரியும் என்று பார்த்து வகுப்பு பிரிப்பார்கள். காலையில் இலக்கணம், பேச்சு, கட்டுரை. மதியத்துக்குமேல் ஊர் சுற்றல், அருங்காட்சியகம், சில நாட்களில் படகு. ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கும் பொதுவாக இருப்பது ஜெர்மன் மட்டும்தான். பசித்தாலும் அதில்தான் சொல்ல வேண்டும், சண்டை வந்தாலும் அதில்தான் போட வேண்டும். ஒரு மாதத்தில் மொழி நாக்கில் ஏறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஆனால் வகுப்பைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நான் தங்கிய வீடு. ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில் அறை. ஒரு காலையில் என் கதவுக் கைப்பிடியில் சின்னப் பலகை ஒன்று தொங்கியது. 'கேர்வோஹெ' என்று எழுதியிருந்தது. அந்த வாரம் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைப்பது என் முறை என்று அர்த்தம். டூபிங்கன் இருக்கும் சுவாபியப் பகுதி முழுவதும் இந்த வழக்கம் உண்டு. வாரம் முடிந்ததும் வேலையை முடித்துவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். அந்த அம்மா துடைப்பத்தைக் கொடுத்து, மேல்படியிலிருந்து தொடங்கச் சொல்லி, கூடவே நின்று பேசிக்கொண்டிருப்பார். மூலை, தூசி, வாளி, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி, இவற்றுக்கெல்லாம் ஜெர்மனில் என்ன என்பதை நான் அந்தப் படிக்கட்டில் கற்றேன். அன்றைக்கு விருந்தாளி என்ற நினைப்பு போய், இந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று ஆனது.

சரி, நடக்கலாம் வாருங்கள். நெக்கர் ஆற்றுப் பாலத்திலிருந்து ஊரின் கோட்டைக்குப் போவதாகத் திட்டம். பாலத்தில் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். ஆற்றங்கரையில் வரிசையாக வீடுகள், நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோபுரம். அதை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாம் பின்பக்கம் பூர்ஸா சந்து வழியாகப் போவோம். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த தெரு அதுதான். சரிவான தெரு, நீளமும் அதிகமில்லை. அதில் பூர்ஸே என்று 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மாணவர் விடுதியாகத்தான் கட்டினார்கள். இன்று அங்கே தத்துவத் துறை. இடையில், 1800-களின் தொடக்கத்தில், அது மருத்துவமனையாக இருந்தது. அங்கேதான் 1806-இல் கவிஞர் ஹோல்டர்லினைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், மனநோயாளி என்று.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும் நேயர்களே. கோட்டை காத்திருக்கும்.

ஹோல்டர்லினுக்கு அந்தத் தெரு புதிதல்ல. பக்கத்திலேயே 'ஷ்டிஃப்ட்' என்ற இறையியல் கல்லூரி. இளம் வயதில் அங்கே தங்கிப் படித்தவர். உடன் அறையில் இருந்தவர்கள் ஹெகல், ஷெல்லிங். ஆம், தத்துவம் படித்தவர்களுக்கு மூச்சு நிற்கும் பெயர்கள்! மூன்று பேரும் ஒரே அறை. அந்தப் படிப்பு முடிந்து, ஹ்யூபெரியன் என்ற நாவல் எழுதி, காதலித்து, அலைந்து, நொறுங்கி, முப்பத்தாறு வயதில் அதே சந்துக்குத் திரும்பி வருகிறார். ஔட்டன்ரீத் என்ற மருத்துவர் பல மாதம் வைத்துப் பார்த்தார். அலறும் நோயாளிகளின் முகத்தில் மாட்டத் தோல் முகமூடி செய்த மருத்துவர் அவர். இனிக் குணமாகாது, மூன்று ஆண்டுக்குமேல் உயிரோடிருப்பதும் கடினம் என்று சொல்லி 1807-இல் வெளியே அனுப்பினார்கள்.

யார் ஏற்பார்? ஒரு தச்சர் ஏற்றார். எர்ன்ஸ்ட் ஸிம்மர். மரவேலை செய்து குடும்பம் நடத்துகிறவர், ஆனால் ஹ்யூபெரியனைப் படித்திருந்தார், அது அவருக்குப் பிடித்திருந்தது. மருத்துவமனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றை ஒட்டி அவர் வீடு. மாணவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வீடுதான் அது. பாலத்திலிருந்து தெரியும் அந்தக் கோபுரத்தின் அறையில் கவிஞரைக் குடிவைத்தார். மூன்று ஆண்டு என்றார்களே, ஹோல்டர்லின் அங்கே 36 ஆண்டுகள் வாழ்ந்தார். 1843-இல்தான் இறந்தார். 1838-இல் தச்சர் இறந்த பிறகு அவர் மகள் லோட்டே கவனித்துக்கொண்டார்.

எனக்கு இதில் மிகவும் நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. பட்டறையில் ஒரு கோவிலின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதுபோல மரத்தில் ஒன்று செய்து கொடு என்று கவிஞர் கேட்டார். ஸிம்மர், நான் சோற்றுக்கு உழைக்க வேண்டியவன், உங்களைப் போலத் தத்துவ அமைதியில் இருக்கும் பாக்கியம் எனக்கில்லை என்றார். உடனே ஹோல்டர்லின் ஒரு பென்சிலை எடுத்து, கிடந்த பலகையிலேயே அவருக்கு ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். கவிஞரின் தாய்க்குத் தச்சர் 1812-இல் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். ஒரு வாடகைதாரரைப் பற்றி எழுதுவது போல இல்லை அந்தக் கடிதம்.

ஹோல்டர்லினைப் பார்க்க மாணவர்கள் வருவார்கள். வந்தவர்களை 'மாட்சிமை தங்கிய அரசே' என்று வணங்குவார். பியானோ வாசிப்பார். கேட்டால் கவிதை எழுதிக் கொடுப்பார், அடியில் வேறு பெயரும் பொருந்தாத தேதியும் போட்டு. அவருக்குப் பைத்தியமில்லை என்று யாரோ கோபுரத்தின் சுவரில் சுவாபியப் பேச்சுவழக்கிலேயே எழுதிவைத்தது ஊரறிந்த செய்தி. இப்போது நிற்கும் கோபுரம் 1875 தீவிபத்துக்குப் பின் திரும்பக் கட்டியது. அறையின் சாளரத்தில் நின்றால் ஆறும், எதிர்த்தீவில் வரிசையாக நிற்கும் மரங்களும் தெரியும்.

ஒன்று கேளுங்கள். கவிஞர் இங்கே மாடியில் இருந்த காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், பக்கத்து ஷ்டிஃப்ட்டில் ஒரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஹெர்மன் குண்டர்ட். 1836-இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்று, திருநெல்வேலிப் பக்கமும் சித்தூரிலும் இருந்து, பின்பு தலைச்சேரியில் குடியேறி, 1872-இல் மலையாள அகராதி வெளியிட்ட அதே குண்டர்ட்தான். அவர் சேகரித்த கையெழுத்துப் பிரதிகள் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய பேரன் ஹெர்மன் ஹெஸ்ஸே. எழுத்தாளராவதற்கு முன் இதே ஊரில், பெரிய தேவாலயத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடையில் 1895 முதல் 1899 வரை வேலை பார்த்தார். அவருக்கும் வாடகை அறைதான். கோடை வகுப்பில் இதை எங்கள் ஆசிரியை சொன்னபோது, நம் ஊர்ப் பெயர்களை நான் சரியாக உச்சரித்துக் காட்ட வேண்டியிருந்தது. வகுப்பே திரும்பிச் சொன்னது, திருநெல்வேலி, திருநெல்வேலி என்று. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நின்று பேசியதில் பசி எடுத்திருக்கும். கோட்டையை விட்டுவிடலாம். அதன் சமையலறையில்தான் மீஷர் என்ற இளைஞர் 1869-இல், நாம் இன்று டிஎன்ஏ என்று சொல்லும் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நாம் கீழே இறங்கிப் பருப்பும் ஸ்பெட்ஸ்லேயும் சாப்பிடப் போவோம். ஸ்பெட்ஸ்லே என்பது மாவும் முட்டையும் சேர்த்த குழைவான கலவையைக் கொதிநீரில் விழவைத்து எடுப்பது. அதைப் பிழியும் கருவி அப்படியே நம் முறுக்கு உழக்கு. ஆனால் என் வீட்டுக்கார அம்மா கருவியைத் தொடமாட்டார். ஈரப் பலகையில் மாவைப் பரப்பி, கத்தியால் மெல்லிய கீற்றுகளாகச் சுரண்டித் தள்ளுவார். தோலோடு பழுப்பாக இருக்கும் பருப்பை வேகவைத்து, வினிகர் விட்டுப் புளிப்பாக்கி, ஸ்பெட்ஸ்லேயின் மேல் ஊற்றுவார்கள். கூடத் தொத்திறைச்சி ஒன்று வரும். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், தட்டு அதனால் குறையாது. புளித்த பருப்பு நம் நாக்குக்கு அன்னியமே இல்லை. அங்கே போய் முதல் வாரத்தில் சோற்றை நினைத்து ஏங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் மருந்து இதுதான்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவாளர் கை காட்டுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கோடை வகுப்புகளுக்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்' உதவித்தொகை தந்துவந்தது; இப்போதும் உண்டா என்று பாருங்கள். அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு முடிவதற்குள்ளேயே விசாரித்துவிடுங்கள். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் தேவையான காலத்தைக் கணக்கில் வையுங்கள். தங்குமிடம் கேட்கும் கட்டத்தில், முடிந்தால் ஒரு குடும்பத்தோடு அறை என்று எழுதுங்கள்.